ஓடிவராத புல்

"தாயே, நாள் போனா மனசு ஆறிடும்னு எல்லாரும் சொன்னாங்க. மூணு வருஷம் போயிடுச்சு. ஆறலையே?"

கோத்தகிரிப் பக்கம் மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்ததும் தில்லைநாயகம் கேட்ட முதல் கேள்வி இது. சீர்காழிக்காரர், அறுபதைத் தாண்டியவர். கேட்டதோ தன்னைவிட இருபது வயது சின்னவரிடம். ஆனால் மடத்துக்குக் குரு அவர்தான். பெயர் உலகாம்பிகை.

"எது ஆறலை?" என்றார் குரு.

"என் தம்பி சபாபதி விஷயம். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தப்போ அவன்தான் கூட இருந்தான். வாய்வுப் பிடிப்பா இருக்கும், விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருந்துட்டான். விடியறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. நான் மெட்ராஸிலேருந்து அடிச்சுப் புடிச்சு ஓடினேன். சுடுகாட்டுல, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும், நீதாண்டா அம்மாவைக் கொன்னேன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"கடைப்பிள்ளைன்னு அப்பதான் கொள்ளி வெச்சிருந்தான். அந்த ஈர வேட்டியோட போனவன்தான். இப்போ அம்மா திதியைக்கூட ஆளுக்கொரு இடத்துல கொடுக்கறோம்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். குரு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

குரு வெளியே கையைக் காட்டினார்.

"அந்தப் புல்தரையைப் பார்த்துக்குங்க."

இது என்னடா வம்பு என்றுதான் அவருக்குத் தோன்றியது. மனசுக்கு மருந்து கேட்டு வந்தவனுக்குத் தோட்ட வேலையா? ஆனாலும் செய்தார்.

அது குளிர்தேசத்துப் புல். ஃபெஸ்க்யூ என்று பெயர். மடத்தில் யார் வாயிலும் அது நுழையவில்லை, குளிர்ப்புல் என்றே சொல்லிக்கொண்டார்கள். காலைப் பிரார்த்தனைக்கு எல்லோரும் அதில்தான் உட்காருவார்கள்.

தில்லைநாயகம் முதலில் ஒட்ட வெட்டினார். வெயில் வேரில் பட்டுப் புல் வாடியது. குரு வந்து மெஷினின் பிளேடை உயர்த்தி வைத்துவிட்டுப் போனார். அடுத்து தில்லைநாயகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தார். குரு வந்து குழாயை மூடிவிட்டுப் போனார். வாரத்துக்கு ஒருதரம், வேர் வரை இறங்குகிற மாதிரி விட்டால் போதும் என்று தில்லைநாயகமே கண்டுகொண்டார். புல் அடர்ந்தது. மனுஷனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்தப் பெருமையில்தான் தப்பு நடந்தது. சித்திரையில் யூரியா தூவப் போனவர் கை தவறி, சட்டி ஒரே இடத்தில் கவிழ்ந்தது. அள்ள முடிந்ததை அள்ளினார். நாலு நாளில் அந்த இடம் கருகிவிட்டது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவு.

"பயப்படாதீங்க தாயே. எங்க ஊர் வரப்புல அருகம்புல்லை வெட்டிப் போட்டாலும் பக்கத்துலேருந்து ஓடிவந்து மூடிக்கும். இதுவும் தானா மூடிக்கும்."

"பார்ப்போம்," என்றார் குரு.

ஆனி வந்தது, ஆடி வந்தது. மழைக்குச் சுற்றிலும் பச்சைப் பசேல் என்று நின்றது புல். கருகின இடம் மட்டும் அப்படியே கிடந்தது. களை நாலு முளைத்தது, அவ்வளவுதான். பிரார்த்தனைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிப்போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு காலையும் அவருக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் குருவிடம் போய் நின்றார்.

"இந்தப் புல்லு ஏன் தாயே நகரவே மாட்டேங்குது?"

"ஓரத்துல ஒரு கொத்தைப் பிடுங்குங்க, நாயகம் ஐயா."

பிடுங்கினார்.

"பக்கத்துக்கு ஓடற தண்டு அதுல எங்கே இருக்கு?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேடினார். வேர் ஒரு சாணுக்குத் தொங்கியது. தண்டைக் காணோம்.

"ஓடற தண்டே இல்லையே!"

"இல்லை. இது நின்ன இடத்துலயே நிக்கற புல். பக்கத்து இடம் காலியானா எட்டிப் பார்க்காது."

"அப்போ இந்த இடம்?"

"இப்படியேதான் இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"யாராவது விதைக்கிற வரைக்கும்."

தில்லைநாயகம் கையில் இருந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தை வீணடித்துவிட்டோம் என்று தோன்றியது.

குரு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் விதை கொண்டுவந்து கொடுத்தார். தில்லைநாயகம் அதைக் கருகின இடத்தின் மேல் தூவப் போனார்.

"மண்ணைக் கீறாமலா?" என்றார் குரு.

"கீறணுமா? இப்பத்தான் ஒரு மாதிரி இறுகி அடங்கியிருக்கு."

"இறுகின மண்ணுல தூவினா குருவிதான் தின்னும்."

தில்லைநாயகம் குனிந்து கீறினார். கீறக் கீற அடியில் செத்த வேர்கள் வந்தன. கண் கலங்கி, சரியாகத் தெரியவில்லை. முழுவதும் கீறி, வேரை எல்லாம் பொறுக்கி, விதையைத் தூவி, மேலே மக்கின எரு தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூவாளியால் மெல்லத் தண்ணீர் விட்டார். அன்று பிரார்த்தனைக்கு அவர் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை பையோடு வந்து நின்றார்.

"முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயக்கூடாது. யாராவது பார்த்துக்கணும்."

"நான் பார்த்துக்கறேன்."

"அடுத்த வாரம் அம்மா திதி. தம்பி வீட்டுக்குப் போறேன்."

குரு தலையசைத்தார்.

தில்லைநாயகம் படி வரை போனார். திரும்பி வந்தார்.

"அவன் என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திட்டான்னா?"

குரு அந்த ஈர மண்ணைப் பார்த்தார்.

"இது முளைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"அதுக்கென்ன, மறுபடி கீறி மறுபடி விதைப்..."

சொல்லை முடிக்காமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

குரு பூவாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.