சிட்டுக்குருவியின் முதல் பெயர்

மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரை ஸ்லோவாக்கியா, அந்தக் கரை போலந்து. இக்கரையில் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்தார் பாவோல். அவருடைய தம்பி மத்தேய் அக்கரையில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டான். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சிட்டுக்குருவி.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சாப்பிட உட்காருவதற்கு முன்னால், வாசலில் கோதுமைக் கதிரைக் கட்டிவிட்டுச் சிட்டுக்குருவிகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பேச்சு நின்றுபோன அந்த வருஷம் அண்ணன், “வ்ரபெத்ஸ்!” என்று அழைத்தார். தம்பி, மாமியார் வீட்டுப் பேச்சில், “வ்ரூபெல்!” என்றான்.

“ஒழுங்காக் கூப்பிடுடா” என்றார் அண்ணன்.

“என் சொல்லுதான் பழசு. உன்னுதுதான் கெட்டுப்போனது” என்றான் தம்பி.

“சூப் ஆறுது, உள்ள வாங்கடா” என்றாள் அம்மா. அவள் பேச்சை யார் கேட்டார்கள்? தம்பி அப்படியே படகேறிப் போனவன்தான்.

பின்னால் சின்ன மகனோடு போய்விட்ட அந்த அம்மா இப்போது அவன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பாவோல் ஆற்றைக் கடக்கவில்லை. வீம்பில் அவரை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

ஆற்றங்கரைக் குடிலில் தோபியாஸ் என்ற துறவி இருந்தார். பாவோலைவிட வயதில் சின்னவர். ஆனாலும் பாவோல் அவரையே குருவாக ஏற்று, வாரம் தவறாமல் விறகு பிளந்து கொடுத்துவிட்டுக் காலடியில் உட்காருவார். ஒருநாள் கேட்டார்.

“சாமி, குருவியோட ரெண்டு பேர்ல எது முதல் பேரு?”

“தெரிஞ்சு என்ன செய்வீங்க?”

“அவன் முகத்துக்கு நேரா சொல்லிட்டு, அப்புறம்தான் அவன் வாசப்படியை மிதிப்பேன்.”

“அம்மா?”

“அம்மா பொறுத்துக்குவா. நான் எல்லா ஊருக்கும் போய் விசாரிச்சிட்டு வரேன்.”

தடுத்தால் நிற்கிற ஆளா அவர்? தோபியாஸ் ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பாவோல் அந்தக் குளிர்காலம் முழுக்க அலைந்தார். ரயிலிலும் லாரியிலும், எதுவும் கிடைக்காத இடத்தில் நடந்தும் போனார். பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி, கூரையில் உட்கார்ந்திருக்கும் குருவியைக் காட்டி, “இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?” என்று கேட்டார். சிலர் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள். அவர் விடவில்லை. இருமிக்கொண்டே அவர் திரும்பி வந்தபோது பனி உருகத் தொடங்கியிருந்தது.

“கிடைச்சுதா?” என்றார் தோபியாஸ்.

“செர்பியாவுல வ்ரபாத்ஸ். பல்கேரியாவுல வ்ரப்ச்சே. உக்ரைன்ல ஹொரொபெத்ஸ். ரஷ்யாவுல வொரொபெய்.”

“இதுல எது முதல்ல வந்தது?”

பாவோல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எதுவும் இல்ல சாமி. ஒரு பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஒருத்தரைப் பார்த்தேன். இதெல்லாம் அக்கா தங்கச்சிங்களாம். தாய்ச் சொல்லு ஒண்ணு இருந்திருக்கு.”

“அந்தத் தாய்ச் சொல்லைப் பேசறவங்க எந்த ஊர்ல இருக்காங்க?”

“எந்த ஊர்லயும் இல்ல. செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சாம். எழுதி வச்சவங்களும் இல்ல. ஆனா அது இப்படித்தான் இருந்திருக்கும்னு அவர் வாயால சொல்லிக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.”

“யாருமே கேக்காத சொல்லை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்?”

“பிள்ளைங்களை வச்சுத்தான்.” பாவோலின் குரல் உயர்ந்தது. இவ்வளவு தூரம் போய்க் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். “எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பார்ப்பாங்களாம். ஒண்ணுல தேஞ்சு போனது இன்னொண்ணுல மிச்சம் இருக்கும். சேர்த்துப் பார்த்தா தாய் தெரிவா.”

“ஒரே ஒரு பிள்ளையை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?”

“அது எப்படி முடியும்?”

“ரொம்பப் பழைய பிள்ளையா, ரொம்பச் சுத்தமான பிள்ளையா இருந்தாக்கூட?”

“நானும் அதையே கேட்டேன். முடியவே முடியாதுன்னுட்டார்.”

தோபியாஸ் எழுந்து கரைக்குப் போனார். பாவோலும் பின்னாலேயே வந்தார். கட்டையில் கட்டியிருந்த படகை அவிழ்த்து, துடுப்பை அவர் கையில் கொடுத்தார் துறவி.

“சாமி, இப்ப அவன்கிட்ட நான் என்ன சொல்றது? நிரூபிக்க ஒண்ணுமில்லையே.”

“நேத்துதான் பார்த்துட்டு வந்தேன். உங்க அம்மாவுக்கு இன்னும் நினைவு இருக்கு” என்றார் தோபியாஸ். “கட்டிலுக்கு ஒரு பக்கத்துல மத்தேய் உக்காந்திருக்கான். இன்னொரு பக்கம் காலியா இருக்கு.”