என்று தோன்றுகிறது

"உங்கள் படிவத்தில் பதினேழு பிழைகள் இருக்கின்றன" என்றார் அம்பலவாணன்.

ஜரினா தாளை வாங்கிப் பார்த்தாள்.

மனச்சோர்வையும் பதற்றத்தையும் அளக்கும் படிவம். இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று யோசித்து, ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும்.

ஒரு கட்டத்திலும் குறி இல்லை. தாள் முழுக்கச் சிவப்பு மை.

"ஏழு இடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது. இரண்டு இடத்தில் ஒருமை பன்மை மயக்கம். 'முயற்சி'க்கு நடுவில் இன்னொரு 'ச்' எதற்கு? மனசு சரியில்லாதவனிடம் கொடுக்கும் தாளா இது?"

"மாத்திடுறேங்கய்யா. இது மட்டும் என்ன பிழைன்னு புரியல."

அவள் விரல் ஒன்பதாவது வாக்கியத்தில் இருந்தது.

'நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றுகிறது.'

கடைசி இரண்டு சொற்களின் மேல் சிவப்புக் கோடு ஓடியது.

"மிகை" என்றார் அவர். "இதில் தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? உள்ளதைச் சொன்னால் போதாதா?"

ஜரினா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"பதினாறு திருத்தத்தை எடுத்துக்கிறேன்யா. இது ஒண்ணு வேண்டாம். இங்க வேலையே இதுலதான்."

*

அவர் அரசுக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவர்.

பிப்ரவரியில் ஒரு நாள், வகுப்பில் ஒரு நூற்பாவைப் பாதியில் மறந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் வகுப்பு வாசலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. சட்டை நனைந்தது. திரும்பி வந்துவிட்டார்.

இதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு மாதமாக விடுப்பு. ஜூன் மூன்றாம் வாரம் கல்லூரி திறக்கும். அன்றைக்கு வகுப்புக்குள் போக வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். விலகல் கடிதத்தை எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஜரினா உளவியல் படித்தவள். அவரைவிட இருபத்து மூன்று வயது சிறியவள். மருத்துவமனை மாடியில் ஓர் ஆய்வு நடத்திவந்தாள். நினைப்பைச் சோதித்துப் பார்ப்பது, பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்ப்பது. இந்தப் பயிற்சி யாருக்கு, எவ்வளவு உதவுகிறது என்பதுதான் ஆய்வு. பத்து வாரம். அவர் நாற்பத்தோராவது ஆள்.

"இது பலிக்குமா?" என்று கேட்டார்.

"நிறையப் பேருக்கு உதவுது. எல்லாருக்கும் இல்ல."

"எனக்கு?"

"தெரியாதுங்கய்யா."

இந்த இரண்டு மாதத்தில் அவர் ஒரு ஜோதிடரையும் இரண்டு வைத்தியர்களையும் தன் மைத்துனரையும் கேட்டிருந்தார். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

*

இரண்டாம் வாரம்.

"காலையில எழுந்ததும் மனசு என்ன சொல்லுது?"

"உதவாதவன் என்கிறது."

"அப்புறம்?"

"திரும்பப் படுத்துக்கொள்கிறேன்."

ஜரினா சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெயில்.

"ஐயா, 'மழை வரும்', 'மழை வருமாம்'. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அங்கே வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது.

"முன்னது நம் கூற்று. பின்னது கேள்விப்பட்டது."

"மழை வரலைன்னா?"

"முன்னதற்கு நாம் பொறுப்பு. பின்னதற்குச் சொன்னவன் பொறுப்பு."

"அந்த 'ஆம்' விகுதியை..."

"இடைச்சொல்."

"அந்த இடைச்சொல்லை உங்க வாக்கியத்துல சேத்துச் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் எதற்கும் உதவாதவனாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"யார் சொன்னது?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது அவர்தான்.

"விசாரிப்போம்" என்றாள் ஜரினா.

*

நான்காம் வாரம்.

"வகுப்புல மறந்தா என்னங்கய்யா நடக்கும்?"

"சிரிப்பார்கள்."

"எத்தனை பேர்?"

"அத்தனை பேரும்."

"மொத்தம் எத்தனை?"

"அறுபத்திரண்டு."

அவள் நோட்டில் 62 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டாள்.

"கல்லூரி திறந்ததும் ஒரு நாள் வேணும்னே மறந்து பாருங்க. எத்தனை பேர் சிரிக்கிறாங்கன்னு எண்ணிட்டு வாங்க."

அவர் எழுந்துவிட்டார்.

"வேண்டுமென்றே மறப்பதா? இதென்ன விளையாட்டு?"

"இப்பவே இல்ல. மொதல்ல பஸ் ஸ்டாண்ட்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று பத்துப் பேரிடம் கேட்க வேண்டும்.

"நீங்கள் கேட்பீர்களா?"

ஜரினா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பழக்கடைக்காரரிடம் அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏம்மா, கண்ணு தெரியலயா? எங்க நிக்கிறே?"

காது சிவக்கத் திரும்பி வந்தாள். "எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு. நீங்க போங்கய்யா."

பத்துப் பேரும் சிரிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சிரித்தது இரண்டு பேர். ஒருவர் அவருக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர், "கவலப்படாதீங்க பெரியவரே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வந்தார். வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்த வாரம் கல்லூரிக்குப் போங்கய்யா. காலி வகுப்பு போதும். அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வாங்க" என்றாள் ஜரினா.

*

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவர் வீட்டு வாசலில் ஜரினா நின்றாள்.

"கூப்பிடத்தான் வந்தீர்கள் என்றால், நான் வருவதாக இல்லை."

"கூப்பிட வரலைங்கய்யா. கையெழுத்து வாங்க வந்தேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். 'எனக்கு இந்தப் பயிற்சி பலிக்கவில்லை.' கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம்.

"இதற்காகவா இரண்டு பஸ் மாறி வந்தீர்கள்?"

"மூணு. மெலட்டூர்ல இன்னொருத்தரும் பயிற்சியைப் பாதியில விட்டுட்டாரு. அங்கயும் போயிட்டு வர்றேன்."

"நான் கையெழுத்துப் போட்டால் உங்கள் ஆய்வுக்குத்தானே குறைவு?"

"கடைசி வரைக்கும் வந்தவங்களை மட்டும் எண்ணினா எங்க பயிற்சி ரொம்பப் பிரமாதமாத் தெரியும். அது பொய்யி. உங்களையும் எண்ணணும்."

"எண்ணி?"

"உங்களுக்கப்புறம் வர்றவங்க 'பலிக்குமா'ன்னு கேப்பாங்கல்ல. அவங்களுக்கு உண்மையைச் சொல்லணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்தார். சிவப்பு.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இந்த வாக்கியம் தவறு."

"ஒற்று விட்டுட்டேனாய்யா?"

"ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறது. காலி வகுப்பில் போய் நில்லுங்கள் என்றீர்கள். நான் போகவில்லை. செய்யாததைப் பலிக்கவில்லை என்று எப்படி எழுதுவது?"

'பலிக்கவில்லை'யை அடித்தார். 'நான் இந்தப் பயிற்சியைச் செய்யவில்லை' என்று மேலே எழுதினார். வாய்க்குள் படித்துப் பார்த்தார். திருப்தி வரவில்லை.

'இன்னும்' என்று ஒரு சொல்லைச் செருகினார்.

"இப்போது சரி."

ஜரினா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெற்றி பெற்ற முகம் இல்லை. படியிறங்கும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றார் அம்பலவாணன்.

*

ஜூன் மூன்றாம் வாரம்.

மாடிப்படியில் அவர் ஏறி வந்தார். சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

புதிதாக அச்சான படிவத்தைக் கொடுத்தாள். பதினாறு திருத்தங்களும் ஏறியிருந்தன. எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார். ஒன்பதாவது வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நின்றார். 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் குறியிட்டார். கடைசி இரண்டு சொற்களைத் தொடவில்லை.

"வகுப்புக்குள்ள போனீங்களா?"

"வாசல்ல நெஞ்சு அடிச்சுக்கிச்சு. 'விழுந்துடுவேனாம், விழுந்துடுவேனாம்'னு சொல்லிக்கிட்டே போயிட்டேன்."

"வேணும்னே மறந்தீங்களா?"

"மூணாவது வரியில மறக்கலாம்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது வரியிலயே நெசமாவே மறந்துடுச்சு."

ஜரினா நிமிர்ந்தாள்.

"பலகையைப் பாக்குறேன், ஒண்ணும் வரல. அப்படியே நின்னேன். முன் பெஞ்சுல ஒரு பொண்ணு. தலையத் தூக்காமலே சொல்லுது, 'ஐயா, அப்படியே நில்லுங்க, எழுதிக்கிறோம். எப்பவும் ரொம்ப வேகமாப் போயிடுறீங்க'ன்னு."

"அப்புறம்?"

"அது எழுதி முடிக்கிறதுக்குள்ள வரி வந்துடுச்சு."

ஜரினா நோட்டைப் புரட்டினாள். 62. பக்கத்தில் காலிக் கட்டம். பேனாவை எடுத்தாள்.

"எத்தனை பேர் சிரிச்சாங்கய்யா?"

அம்பலவாணன் சட்டைக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"எண்ண மறந்துட்டேன்" என்றார்.