மூன்று ஜோடிப் பலகைகளும் ஒரு கணவாயும்

"குருவம்மா, நாளைக்குப் பனி எப்படிங்க இருக்கும்?"

சென்னியப்பன் இதைக் கேட்டது குடிலின் சமையலறையில். குருவம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கு?"

"காலையில கெளம்பறப்பங்க."

"எந்தப் பக்கத்துச் சரிவுல?"

"நாம போற சரிவுலதானுங்க."

"நீங்க முன்னால போவியளா, பின்னால வருவியளா?"

ஒரு கேள்வியை ஊன்றினால் மூன்று கேள்வி முளைக்கிற பூமி குருவம்மா.

பனிமலைப் பக்கம் போகாதவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அந்த மலையில் ஆளை ஏற்றிவிடக் கம்பிவடமும் கிடையாது, அதில் தொங்கும் பெட்டியும் கிடையாது. சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டே மேலே நடக்க வேண்டும். ஏறிய பாவத்துக்கு அதே பலகையில் சறுக்கி இறங்கவும் வேண்டும். ஏறும்போது பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். பூனையைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முரண்டு பிடிக்கும் அல்லவா, அந்தக் கணக்குதான். முன்னே நகரும், பின்னே வழுக்காது.

பலகையில் ரகம் உண்டு. இறுகிய பனிக்கு ஒல்லிப் பலகை. அதன் விளிம்பு கடித்துப் பிடிக்கும். பொடிப் பனிக்கு அகலப் பலகை, புதையாமல் மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அது எதிலும் பெரிதாகப் பெயர் வாங்காது, எதிலும் பெரிதாகக் கவிழ்க்கவும் கவிழ்க்காது.

இவ்வளவையும் விளக்கியவர் கடைக்காரர். சென்னியப்பன் மூன்றையும் வாங்கிவிட்டார்.

ஒரேயடியாக வாங்கவில்லை, பட்டுப் பட்டு வாங்கினார். முதல் குளிர்காலத்தில் ஒல்லிப் பலகையோடு வந்தார். பொடிப் பனி இடுப்பு வரை கிடந்தது. திரும்பிப் போனார். அடுத்த குளிர்காலத்தில் அகலப் பலகையோடு வந்தார். மலை முழுக்கக் கண்ணாடி போல இறுகிக் கிடந்தது. திரும்பிப் போனார். மூன்றாவது குளிர்காலத்தில் மூன்று ஜோடியையும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் பனியைக் கிள்ளிப் பார்ப்பார், பலகையைத் தேர்ந்தெடுப்பார். மாட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பனி வேறாகிவிடும். அலை ஓய்ந்த பிறகு கடலாடக் காத்திருந்த ஆசாமி கரையிலேயே காய்ந்த கதையாகப் போய்விட்டது.

அவர் மேல் முழுக் குற்றமும் சொல்வதற்கில்லை. அவிநாசிப் பக்கம் நூற்பாலைக்குப் பஞ்சு வாங்கிக் கொடுத்து முப்பது வருடம் ஓட்டியவர். பஞ்சுப் பொதியான பேலிலிருந்து ஒரு பிடியை உருவி, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்து, எந்த ஊர்ப் பஞ்சு, எந்த நூலுக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார். வெள்ளையாக எது கண்ணில் பட்டாலும் ரகம் பிரிக்கிற கை அது.

குருவம்மாவின் இயற்பெயர் ஆவுடை; கூட்டத்தை நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் குருவம்மா. சென்னியப்பனைவிட இருபது வயது இளையவர். திசையன்விளைக்காரர். செம்மணல் மேடுகளான தேரியில் கால் புதையப் புதைய நடந்து வளர்ந்தவர், பனியைப் பார்த்ததே வளர்ந்து ஆளான பிறகுதான். அவரிடம் இருந்தது ஒரே ஜோடிப் பலகை. அதன் ரகம் என்னவென்று அவருக்கே மறந்து போயிருக்கும், அத்தனை கீறல்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு குடில் உண்டு. பனி உருகும்வரை குருவம்மாவோடு பத்துப் பேர் அங்கே மௌன விரதமாகப் பேசாமல் இருப்பார்கள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து விறகு பிளந்து, சேர்ந்து சும்மா இருப்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் போன வாரமே தாண்டிவிட்டார்கள். அவர்கள் போட்ட தடத்தைப் புதுப் பனி மூடிவிட்டது. இந்தப் பக்கம் மிஞ்சியவர்கள் சென்னியப்பனும், அவருக்காகத் தங்கிய குருவம்மாவும்தான்.

"நாளைக்கு இந்தக் குடிலப் பூட்டிருவேன் அண்ணாச்சி. நான் மேல போவேன். நீங்க வந்தா வாங்க. இல்லேன்னா கீழ பஸ்ஸு வரும், ஊருக்குப் போங்க. அடுத்த வருஷம் வரவேண்டாம்."

"அப்படிச் சொல்லிப்போட்டீங்களே."

"மூணு வருஷமாச் சொல்லாம இருந்தேன்."

மனைவி போன பிறகு சென்னியப்பன் வீட்டில் ஒரு குறையும் இல்லை, சத்தம்தான் இல்லை. தனியாக இருக்கிற மௌனம் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பத்துப் பேரோடு சேர்ந்து மௌனமாக இருக்க ஆசைப்பட்டார். அவ்வளவு ஆசை அவர் தன் வயதில் வேறெதற்கும் பட்டதில்லை.

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். சரியான பலகைய எடுக்கோணுமில்லீங்களா?"

"பஞ்சு பேல்ல கட்டிக் கெடந்தா நாளைக்கும் பஞ்சாத்தான கெடக்கும்?"

"ஆமாங்க."

"கஞ்சி ஆறுது. குடிங்க."

விடியலில் குருவம்மா கதவைப் பூட்டித் திரும்பினார். சென்னியப்பன் ஒல்லிப் பலகையைக் காலில் மாட்டி நின்றார். முதுகில் மற்ற இரண்டு ஜோடியும் கட்டியிருந்தன. பின்னாலிருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை, விறகு வண்டி தெரிந்தது.

"எல்லாத்தையுமா?"

"எந்தப் பனி வந்தாலும் பாத்துக்கலாமுங்க."

"கஞ்சிச் சட்டியையும் கட்டிக்கிடுங்க. அது ஒண்ணுதான் கொற."

குருவம்மா சிரிக்கவில்லை. கணவாய் உச்சியைக் கையால் காட்டினார்.

"அங்கன பனி வெள்ளையாப் பொக மாதிரி கெளம்புனா காத்து வந்துட்டுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஏறப்படாது. ஆளத் தூக்கிரும்."

சொல்லிவிட்டு நடந்தார்.

முதல் சரிவு இறுகிக் கிடந்தது. ஒல்லிப் பலகை கரகரவென்று கடித்துக்கொண்டு ஏறியது. சென்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா குருவம்மா, இதுக்குன்னே செஞ்சாப்பல இருக்குதுங்க."

குருவம்மா திரும்பவில்லை.

வெயில் வந்தது. பனியின் மேல்தோல் இளகியது. சென்னியப்பன் நின்றார். நடுத்தரப் பலகைக்கு மாறுவதுதான் முறை. முதுகுச் சுமையை இறக்கினார், ஒல்லியைக் கழற்றினார், பட்டையை உரித்தார், நடுத்தரத்தில் ஒட்டினார். உரிக்கும்போது அது கையுறையில் ஒட்டிக்கொண்டது, கையுறையிலிருந்து எடுத்தால் தாடியில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது மேகம் வந்து வெயிலை மூடிவிட்டது. பனி பழையபடி இறுகிவிட்டது.

மறுபடியும் சுமையை இறக்கினார். மறுபடியும் உரித்தார். ஒல்லிப் பலகையை மாட்டினார். எங்கே நின்றாரோ அங்கேயே, எதை மாட்டியிருந்தாரோ அதையே மாட்டிக்கொண்டு நின்றார். இடையில் குருவம்மா மேலே ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டிருந்தார்.

மூச்சு வாங்க வாங்க ஏறி வந்தபோது அந்தப் புள்ளி ஒரு பாறையோரம் நின்று வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தது.

பாறையைத் தாண்டினால் நிழல் விழுந்த பள்ளம். வெயில் எட்டாத இடம். பள்ளத்தின் முழு நீளத்துக்கும் பொடிப் பனி, மாவு சலித்துக் கொட்டியது போல. அதைத் தாண்டித்தான் கணவாய்.

சென்னியப்பன் ஓரடி வைத்துப் பார்த்தார். ஒல்லிப் பலகை முழங்கால் வரை இறங்கியது.

"ஒரு நிமிசமுங்க குருவம்மா. அகலத்த மாட்டிக்கறேன்."

"மாட்டுங்க."

சென்னியப்பன் பின்வாங்கி, பாறையோரத்து இறுகிய பனியில் உட்கார்ந்தார். முதுகுச் சுமையை அவிழ்த்து, அகலப் பலகைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வைத்தது சரிவில். வைத்தது நேராக. பட்டை ஒட்டாமல், மெழுகு தேய்த்து வழவழவென்று வைத்திருந்த பலகைகள்.

இரண்டும் மெல்லக் கிளம்பின.

"ஐயோ" என்று எட்டிப் பிடிக்கப் போனார். முழங்கை நடுத்தரப் பலகைகளில் இடித்தது. அவையும் கிளம்பிவிட்டன.

நாலும் வரிசையாகப் போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அகலப் பலகைகள், ஆகவே ஆகாது என்று சொல்லப்பட்ட இறுகிய பனியில் சர்ரென்று போயின. நடுவில் ஓரிடத்தில் காற்று ஒதுக்கிய பொடி கிடந்தது. அதையும் நடுத்தரப் பலகைகள் பிளந்துகொண்டு போயின. அதற்கும் கீழே வெயிலில் சொதசொதவென்று இளகிய பனி. அதிலும் போயின. ஒன்றுகூடக் கவிழவில்லை. கடைசியில் வெகு கீழே, பூட்டிய குடிலின் சுவரில் போய் முட்டி நின்றன. முட்டிய சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் மேலே வந்து சேர்ந்தது.

குருவம்மா வெல்லத்தை விழுங்கினார்.

"நல்லாப் போகுதுல்லா."

"எப்படிங்க?" சென்னியப்பன் கீழே எட்டிப் பார்த்தார். "எல்லாப் பனியிலயும் போகுதுங்களே."

"மேல ஆளு இல்லேல்லா."

சென்னியப்பன் தலை குனிந்துகொண்டார். அவமானமாக இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தார். ஆனை சறுக்கினால் ஆனையாவது கூடப் போயிருக்கும்; இங்கே பலகை மட்டும்தான் போனது.

"எறங்கிப் போயி எடுத்துட்டு வந்தர்றேனுங்க. வெரசா வந்தர்றேன்."

குருவம்மா கையை மட்டும் நீட்டினார். கணவாய் உச்சியில் நூல் போல ஒரு வெள்ளைப் புகை எழுந்து, சாய்ந்து, மறைந்தது.

அவ்வளவுதான் நேரம். கீழே இறங்கினால் பலகை உண்டு, பஸ் உண்டு, அவிநாசி உண்டு, சத்தமில்லாத வீடு உண்டு.

சென்னியப்பன் காலைப் பார்த்தார். ஒல்லிப் பலகை இன்னும் காலில்தான் இருந்தது. கழற்றுவதற்குள் மற்றவை முந்திக்கொண்டுவிட்டன.

"இதுல போனா முழுகிப் போயிருவேனுங்க."

"முழுகுங்க."

"அப்பறம்?"

"அடுத்த கால எடுத்து வைங்க."

"அதுவும் முழுகுமுங்க."

"அப்பம் ரெண்டு காலுக்கும் ஒரே ஞாயமாப் போச்சு."

அவர் எழுந்தார். குருவம்மா ஒதுங்கி வழிவிட்டார்.

"நீங்க வரலீங்களா?"

"வாரேன். முன்னால நீங்க போங்க. இன்னைக்குத் தடம் ஒங்களுது."

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பனியை மிதித்துத் தடம் போடுவார், பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்தில் வருவார்கள். எப்போதும் பலசாலிக்குத்தான் அந்த வேலை. சென்னியப்பனிடம் அதை யாரும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. கூச்சத்தோடு முதல் அடியை வைத்தார். முழங்கால் வரை போனது. இழுத்தார். அடுத்ததை வைத்தார். அதுவும் போனது.

பள்ளத்தின் நடுவில் தொடை வரை இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, வாய் நிறையப் பனியோடு எழுந்தார். இன்னொரு இடத்தில் மேல்பனி ஓடாக உடைந்து தாடையில் குத்தியது. அதற்கும் மேலே காற்று அரித்து வரிவரியாக இறுகிப் போன பனி. அதில் பலகை வழுக்கி, குப்புற விழுந்தார். விழுந்தபடியே முதலில் கண்ணில் பட்டது உச்சிதான். புகை இப்போது நூலாக இல்லை, துண்டு அளவுக்கு ஆகியிருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே எழுந்து நடந்தார். முதுகில் சுமை இல்லை என்பதையே அவர் வெகு தூரம் போன பிறகுதான் கண்டுகொண்டார்.

பின்னால் குருவம்மாவின் பலகைச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

பிறகு ஏறுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. சென்னியப்பன் ஒரு காலை மேலே தூக்கி, வைக்க இடம் தேடி, சமதரையில் வைத்தார். காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது, பிடுங்கவில்லை. அந்தப் பக்கத்துச் சரிவின் அடியில் ஒரு கூரையும், கூரைக்கு மேல் அடுப்புப் புகையும் தெரிந்தன, விறகு பிளக்கிற யாரோ ஒருவர் தெரிந்தார். அந்த ஆள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்துக் கையை ஆட்டினார். சத்தம் போடவில்லை.

சென்னியப்பனும் கையை ஆட்டினார். நெஞ்சு நிறைந்துபோய்விட்டது.

குருவம்மா வந்து பக்கத்தில் நின்றார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அண்ணாச்சி, பனி எப்படி இருந்துச்சு?"

சோதிக்கிறார் என்று நினைத்துச் சென்னியப்பன் கொஞ்சம் பயந்தார்.

"ஏனுங், நீங்களுந்தான கூட வந்தீங்க?"

"நான் எங்க பனியில வந்தேன்? ஒங்க தடத்துலல்லா வந்தேன். எனக்கு என்ன தெரியும்."

சென்னியப்பன் திரும்பினார். பள்ளத்தின் குறுக்கே அவர் போட்ட தடம் கோணல்மாணலாகக் கிடந்தது. விழுந்த இடமெல்லாம் குழி. எந்த இடத்தில் பொடி, எந்த இடத்தில் ஓடு, எந்த இடத்தில் இறுகல் என்று பிரித்துச் சொல்லப் பார்த்தார். வழக்கம்போலக் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று தேடின. தேடி, சும்மா நின்றன.

"பனி, பனியாட்டத்தானுங்க இருந்துச்சு" என்றார்.