விக்கலுக்கு ஒரு கிணறு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என்னைக் குடையாதீர்கள், ஓர் அரசருக்கு ஒரு ஜோடி அன்னப்பறவைகள் பரிசாக வந்தன. அவ்வளவுதான், அரசருக்குத் தலைகால் புரியவில்லை. அன்னங்கள் நீந்தத் தோட்டத்தில் தாமரைக் குளம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்றார்.

குளத்தை நிரப்பத் தண்ணீர்? குயவர் தெருக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம் என்றார் மந்திரி அனந்தமுடியார். அவரே போய்க் கிணற்றில் கோல் விட்டுப் பார்த்தாராம். கோல் முக்கால்வாசி நனைந்ததாம். "அந்தத் தெருவில் தண்ணீர்க் குறை என்பதே கிடையாது, அரசே."

சபையின் விகடகவி சாத்தப்பருக்கு வாய் சும்மா இருக்காது. "மந்திரியார் கிணற்றை அளந்தார். வீடுகளை அளந்தாரா?" என்று கேட்டு வைத்தார்.

மந்திரிக்குச் சாத்தப்பரைக் கண்டாலே ஆகாது. அவர் பேசி அரசர் சிரித்தால் இவருக்கு வயிறு எரியும். நல்ல சமயம் வாய்த்தது என்று பிடித்துக்கொண்டார். "இருப்பதை அடியேன் அளந்துவிட்டேன். இல்லாததைச் சாத்தப்பர் அளந்து காட்டட்டுமே."

அரசருக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப் போயிற்று. "நாளை மதிய விருந்து முடிவதற்குள் அந்தத் தெருவின் குறையை அளந்து எம் கண்முன் காட்டும். காட்டாவிட்டால் குளத்துக்கு இறைப்பு தொடங்கும். நீரும் மூட்டை கட்டலாம்."

சாத்தப்பர் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தார். தெருமுனை திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. இல்லாத ஒன்றை எந்தப் படியால் அளப்பது?

குயவர் தெருவில் வடிவாச்சி என்பவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வந்தவரைக் கண்டதும் எழுந்து, "வாங்க சாமி" என்றாள். வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுவதுதான் அந்த நாட்டு வழக்கம். அவள் கையும் பானைப் பக்கம் போனது. போன கை அப்படியே நின்றது. அவள் முகத்தில் தெரிந்த வெட்கத்தைப் பார்க்கச் சாத்தப்பருக்குக் கஷ்டமாக இருந்தது.

"தாகமில்லை, தாயே" என்று பொய் சொன்னார். "கிணறு நிறைய இருக்கிறது என்றார்களே?"

"கெணத்துல இருக்குதுங்க. மொதல்ல லாயத்துக் குதிரைங்களுக்கு எறைப்பாங்க. அப்புறம் அரமனைத் தோட்டத்துக்கு. மந்திரி ஐயா உத்தரவு. எங்க முறை வந்து நாலு பேரு மொண்டதும் காவக்காரரு கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

"குழம்பு கொதிக்கிறது, காரத்தின் வாசனையே வரவில்லையே?"

"காரம் போடறதில்லைங்க. போட்டா புள்ளைங்க தண்ணி கேக்கும்."

சாத்தப்பர் தேடி வந்த படி கிடைத்துவிட்டது. கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. நேரே அரண்மனைக்குத் திரும்பி, மறுநாள் ஒரு பொழுதுக்குச் சமையற்கட்டும் அரண்மனைக் கிணறும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டார். அளப்பதற்குத்தான் என்றதும் அரசர் தலையசைத்தார்.

மறுநாள் விருந்தில் மிளகு வடை, மிளகுக் குழம்பு, ஊறுகாய் என்று எல்லாமே நாக்கைச் சுண்டி இழுத்தன. சபையார் ஒரு பிடி பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அரசருக்கு விக்கல் எடுத்தது. இலைக்குப் பக்கத்தில் கை துழாவியது. சொம்பைக் காணோம். யார் இலைக்குப் பக்கத்திலும் காணோம்.

"தண்ணீர்" என்றார் அரசர்.

சாத்தப்பர் கைகட்டி வந்து நின்றார். "கவலை வேண்டாம், அரசே. இப்போதுதான் அரண்மனைக் கிணற்றில் கோல் விட்டுப் பார்த்தேன். கோல் முழுதும் நனைந்தது."

"கோல் கிடக்கட்டும், கொண்டு வாரும்."

"குயவர் தெருவுக்கு மந்திரியார் போட்ட உத்தரவை இன்று இங்கே அப்படியே நடத்துகிறேன். குதிரைகள் குடிக்கின்றன. அடுத்தது தோட்டம். பிறகு தங்கள் முறை. அதற்குள் காவலர் கயிற்றைச் சுருட்டாமல் இருந்தால் தண்ணீர் வரும்."

முற்றத்தில் குதிரைகள் சளப் சளப் என்று குடிக்கும் சத்தம் பந்திவரை கேட்டது. அரசர் விக்கியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மந்திரி கடித்த வடையை ஓசைப்படாமல் இலையோரம் ஒதுக்கினார். ஊறுகாய்ப் பக்கம் யார் விரலும் போகவில்லை.

அரசரின் முகம் சிவந்தது. "விருந்து முடியப் போகிறது. அளவு எங்கே?"

"இலைகளில் இருக்கிறது, அரசே. பசி இருந்தும் ஒவ்வொருவரும் தின்னாமல் ஒதுக்கியதைப் பாருங்கள். இதுதான் படி. கோபத்தில் தங்கள் முகம் சிவந்ததே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தாய் காரம் போடாமலே குழம்பு வைக்கிறாள். தின்றால் பிள்ளைகள் தண்ணீர் கேட்டுவிடுமாம். நேற்று எனக்கு ஒரு சொம்பு கொடுக்க முடியாமல் தலைகுனிந்து நின்றாள். கோல் கிணற்றை அளக்கும். அவள் படும் வெட்கத்தைக் கோல் எப்படி அளக்கும்?"

அரசர் வரிசையாக இலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மந்திரியின் இலையில் ஓரமாய்க் கிடந்த பாதி வடையில் அவர் பார்வை நின்றது. திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்போடு விக்கலும் சேர்ந்துகொண்டது. சாத்தப்பர் சைகை காட்டினார். தண்ணீர் வந்ததும் மடமடவென்று குடித்த அரசர், காலிச் சொம்பைக் கீழே வைக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளம் வேண்டாம். அன்னங்களை ஏரியில் விடுங்கள்" என்றார். "சாத்தப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு கயிறு, அரசே."

"கயிறா?"

"குயவர் தெருக் கிணற்றில் இரவும் பகலும் கிடக்க வேண்டும். தெருக்காரர் மொண்டது போகத்தான் குதிரைகளுக்கு. சுருட்டுகிற அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது."

அரசர் அப்படியே உத்தரவிட்டார். கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டும் வேலை மந்திரிக்கு வாய்த்தது.

சில நாள் கழித்துச் சாத்தப்பர் அந்தத் தெருவுக்குப் போனார். வடிவாச்சி உட்காரவைத்துச் சோறு போட்டாள். முதல் கவளத்திலேயே அவர் கண்ணில் நீர் முட்டியது. குழம்பில் அப்படி ஒரு காரம். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, தளும்பத் தளும்ப ஒரு சொம்பு அவர் கைக்கு வந்துவிட்டது.