கவுனைத் திருப்பிப் போட்டவ

ஒரு கடற்கரை ஊர்ல ஒரு முதலாளி இருந்தாரு, பேரு இன்னாசி. கரையில நிக்கிற மீன்பிடி போட்டுல பாதி அவரோடது. நல்லாக் கொடுப்பாரு, ஆனா கொடுத்தது ஊருக்குத் தெரியணும். கோயில் மைக்கைப் பிடிச்சு, "அன்பளிப்பு, இன்னாசி முதலாளி!"ன்னு கத்துவாரு. கொய்ங்ங்னு அந்தச் சத்தம் கடலுக்கு அடியில போயி மீனுக்கெல்லாம் காது வலிக்கும்.

"மீனுக்கு ஏது காது, தாத்தா?"

அன்னைக்குக் கழன்று விழுந்ததுதான் மக்கா, அப்புறம் முளைக்கவே இல்ல. "ம்" சொல்லு.

"ம்."

ஒரு கிறிஸ்மஸுக்குக் கோயில் கோபுரத்துல கட்ட பெரிய நட்சத்திரம் கொடுத்தாரு. அதுல அவரு பேரை எழுதினாங்க பாரு, பேருக்குள்ள பல்பே மறைஞ்சு போச்சு. ஊரே கும்மிருட்டு. சாமியார் தடுமாறி, கிறிஸ்மஸ் குடில்ல இருந்த பொம்மை ஒட்டகத்து மேல தொப்புன்னு விழுந்தாரு.

அடுத்த கிறிஸ்மஸுக்கு ஆளுயரக் கேக். வெட்டுறதுக்கு முன்னாடி முதலாளி பேச ஆரம்பிச்சாரு. பேசினாரு, பேசினாரு. அப்போ சரசரன்னு எறும்பு வந்து கேக்கைத் தின்னு முடிச்சுட்டு, கைதட்டிட்டுப் போச்சு.

"எறும்பு கைதட்டுமா?"

ஆறு கால் இருக்கே, ரெண்டைத் தட்டினா என்ன? சிரிக்காத, தூக்கம் ஓடிரும்.

அப்புறம் மூணாவது கிறிஸ்மஸ். அந்த வருஷம் புயல்ல பல வீட்டுக் கூரை பறந்துருச்சு. அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் முதலாளி புதுத்துணி எடுத்தாரு. நல்ல துணி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொண்ணுலயும் முதுகுப் பக்கம், சிவப்புப் பெயிண்டுல, "இன்னாசி முதலாளி தர்மம்"னு எழுத வச்சுட்டாரு.

அதுல ஒரு கவுன் சலேத்துன்னு ஒரு பிள்ளைக்குக் கிடைச்சுது. மீன்கூடை சுமக்கிற ரெஜினாள் மக, உன் வயசுதான். அவளுக்குக் குடில்ல இருக்கிற குழந்தை யேசு சொரூபத்தை முத்தி செய்யணும்னு, அதான் முத்தம் கொடுக்கணும்னு, கொள்ளை ஆசை. ஆனா முத்தி செய்ய வரிசையில நிக்கணும். நின்னா, பின்னாடி நிக்கிறவங்க முதுகைப் படிப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் நிப்பாங்க.

"அப்போ போகலையா?"

போனா. கவுனை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரித் திருப்பிப் போட்டுக்கிட்டுப் போனா. தையலும் நூலும் துருத்திக்கிட்டு நிக்குது.

காலைப் பூசைக்கு முன்னாடியே முத்தி வரிசை கோயில் வாசல் வரைக்கும் நிக்குது. முதலாளி வாசல்லயே நிக்கிறாரு, ஒவ்வொரு முதுகையும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கிட்டு. சலேத் வந்தா. முதுகுல ஒண்ணும் இல்ல.

"ஏ புள்ள! கவுனைத் திருப்பியா போடுவ? எம் பேரு எங்க?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. அவளுக்கு முகம் காது வரைக்கும் சிவந்துருச்சு.

"தப்புத்தான் முதலாளி," அப்படின்னா. "கழட்டித் தந்துரட்டா? உள்ள பழைய சட்டை போட்டிருக்கேன். கிழிசல்தான், ஆனா அம்மா துவைச்சது."

சொல்லிட்டு, உள்பக்கம் போயிட்ட பித்தானைத் தடவித் தடவிக் கழட்டவே ஆரம்பிச்சுட்டா. ஒண்ணு. ரெண்டு.

ம் சொல்லு மக்கா.

"ம். அப்புறம்?"

மைக்ல அவ்வளவு கத்தின முதலாளி சட்டுன்னு அந்த மண்ணுல முட்டி போட்டு உக்காந்துட்டாரு. "வேண்டாம் தாயி, வேண்டாம்"னு அந்தப் பித்தானையெல்லாம் அவரே திரும்பப் போட்டுவிட்டாரு. கவுனைத் திருப்பல, அப்படியே போட்டாரு.

"பித்தானை மாத்திப் போட்டுட்டீங்க முதலாளி," அப்படின்னு சலேத் மெதுவாச் சொன்னா. அவளே சரி பண்ணிக்கிட்டு, வரிசையில போயி நின்னு, குழந்தை யேசுவை முத்தி செஞ்சா, ச்!

அப்புறம் முதலாளி வரிசைக்கே போகல. பூசை முடியுற வரைக்கும் முதுகைச் சுவர்ல ஒட்டிக்கிட்டே நின்னாரு. தன் முதுகுல என்னமோ எழுதியிருக்கிற மாதிரியும், ஊரே அதைப் படிக்கிற மாதிரியும் இருந்துச்சு அவருக்கு.

"என்ன எழுதியிருந்துச்சு, தாத்தா?"

ஒண்ணும் எழுதல மக்கா. எழுதியிருந்தா சோப்புப் போட்டு அழிச்சிருப்பாரே.

கதை கடலுக்குப் போச்சு, நீ போர்வைக்குள்ள போ.