குடித்த பிறகு ஒரு போட்டோ

போனில் லட்சம் பேர் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒருவர் தென்காசியில் இருந்தார். பெயர் கதிரேசன். வீடியோ போட்டுச் சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்பவர். அவரிடம் பொட்டலம் கட்டப் புதிதாகச் சேர்ந்தவள் முத்துப்பேச்சி.

"உங்க வீட்ல யாராவது நம்ம பொடியைக் குடிச்சாங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் குடிச்சார், அண்ணாச்சி. உங்க வீடியோவைப் பார்த்துட்டு மாத்திரையைக்கூட நிறுத்திட்டார்."

"பிறகென்ன? குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, குடிச்ச பிறகு ஒரு போட்டோ கொண்டு வா. நாளைக்கு லைவ்ல காட்டணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அண்ணாச்சி கேட்கவில்லை.

மறுநாள் லைவில் முதல் படத்தைக் காட்டினாள். கோயில் கொடை விழாவில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கும் மனிதர். திரையில் இதயங்கள் பறந்தன.

"குடிச்ச பிறகு எடுத்ததையும் காட்டும்மா" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

பையிலிருந்து எடுத்தாள். கண்ணாடிச் சட்டம், குங்குமப் பொட்டு, வாடிய மாலை.

"நீங்க கேட்டதுதான், அண்ணாச்சி."

அவள் நெற்றி வெறுமையாக இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். போனை அணைக்கப் பாய்ந்தார். அதற்குள் திரையில் யாரோ கேட்டிருந்தார்கள்: "பொடி விலை எவ்வளவு?"

முத்துப்பேச்சி படத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.