காகிதம் கிழியும் சத்தம்

ஒரு விடுகதை சொல்கிறேன். ஒன்றை அடக்கினால் இன்னொன்று கேட்கும். அதையும் அடக்கினால் வேறொன்று கேட்கும். எல்லாவற்றையும் அடக்கிய பிறகும் கேட்பது எது?

விடையை இப்போதே சொல்ல வேண்டாம். நாச்சிமுத்துவுக்கும் அன்று மத்தியானம் தெரியவில்லை.

"ஏனுங் அம்மணி, இந்த ஆறுல எது நல்லதுன்னு சொல்லிப்போடுங்க."

ஆறு அலுமினியக் குழாய்களை மேசைமேல் வரிசையாக வைத்தார் அவர். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். காற்றுத் துப்பாக்கியின் முனையில் திருகிவிட்டால் வெடிச்சத்தம் குறையும். அடக்கி என்று அவரே பேர் வைத்திருந்தார். ஆவாரம்பாளையத்தில் இருக்கும் தன் லேத் பட்டறையில் நாற்பது நாள் உட்கார்ந்து கடைந்தவை.

மேகலா அவரைவிட இருபது வயது இளையவள். பம்பு மோட்டார் எவ்வளவு இரைகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. அதற்காகவே சுவரெல்லாம் பஞ்சு பதித்த நீண்ட அறை ஒன்று வைத்திருந்தாள். கோவையில் மோட்டார் செய்கிறவர்கள் அவள் சொல்லும் எண்ணுக்கு மறுபேச்சுப் பேசுவதில்லை.

"துப்பாக்கி யாருக்கு அண்ணா?"

"பாப்பாவுக்குத்தானுங்."

முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மகள் வர்ணிகா தலையாட்டினாள். பதினோரு வயது. பத்து மீட்டர் தூரத்தில் பொட்டு வைத்தால் பொட்டைத் துளைப்பாள். ஆனால் இரண்டு மாதமாக, விசையை அழுத்தும் நேரத்தில் கண் மூடிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. அதற்குள் சரியாகவில்லை என்றால் இடம் வேறு பிள்ளைக்கு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

"சத்தத்துக்குத்தான் பயப்படறா. போட்டியில இதைப் போட விடமாட்டாங்க. பயம் தெளியற வரைக்கும் மாட்டிப் பழகட்டும்னுதான் செஞ்சேன். ஆனா எதைப் போட்டு அளந்தாலும் ஒரே நம்பர் வருதுங்."

சத்தத்தை டெசிபலில் காட்டும் செயலியைத் திறந்து கைப்பேசியை நீட்டினார். ஆறுக்கும் தொண்ணூற்றிரண்டு. எதுவும் மாட்டாமல் சுட்டதற்கும் தொண்ணூற்றிரண்டு.

மேகலா கைப்பேசியின் பக்கத்தில் பளீரென்று கைதட்டினாள்.

தொண்ணூற்றிரண்டு.

இரும்பு அலமாரியின் கதவை அறைந்து சாத்தினாள்.

தொண்ணூற்றிரண்டு.

"இதுக்குக் காது அவ்வளவுதாண்ணா."

வர்ணிகா சிரித்துவிட்டாள். நாற்பது நாளும் ஒரு டமாரச் செவிட்டிடம் சங்கீதம் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறோம் என்று நாச்சிமுத்துவுக்கு உறைத்தது.

மேகலா மூன்று கால் தாங்கி ஒன்றில் தன் சத்தமளக்கும் கருவியை நிறுத்தினாள். துப்பாக்கி முனையிலிருந்து பக்கவாட்டில் சரியாக ஒரு மீட்டர். நாடா வைத்து இரண்டு முறை அளந்தாள்.

"சுடட்டுங்களா?"

"சுடாதீங்க. சுடாம இருக்கறப்ப எவ்வளவு சத்தம்னு மொதல்ல பாக்கணும்."

"சுடாம இருந்தா ஏதுங் சத்தம்?"

அவள் மின்விசிறியை நிறுத்தினாள். எண் இறங்கியது. மெல்ல இரைந்துகொண்டிருந்த குழல்விளக்கு ஒன்றை அணைத்தாள். இன்னும் இறங்கியது. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி வெளியே வைத்துவிட்டு வந்தாள். கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு போனாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

அவர் சுற்றிலும் பார்த்தார். அவள் விரல் அவர் மூக்குக்கு நேராக நீண்டது.

நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். எண் இரண்டு இறங்கியது.

தன் மூச்சுக்கு ஒரு எண் இருப்பதை அவர் அன்றுவரை அறிந்ததில்லை. வாய் திறந்தபடி மகளைப் பார்த்தார். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். பாவம், காலையில் சீக்கிரம் எழுந்தது, தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அறையின் மறுகோடியில் மாட்டியிருந்த குறி அட்டையைப் பார்த்து அவர் சுட்டார். எதுவும் மாட்டாமல் ஐந்து முறை. நூற்றுப்பன்னிரண்டு. ஒன்றாம் அடக்கி, நூற்றைந்து. இரண்டாவது, நூற்றுமூன்று. ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை சுட்டார்கள். மேகலா சளைக்கவே இல்லை. ஒரு முறை தெருவில் லாரி போனது. அந்த எண்ணை அடித்துவிட்டு மறுபடி சுடச் சொன்னாள்.

ஆறாவதை மாட்டிச் சுட்டபோது மூவரும் அசையாமல் நின்றார்கள்.

டப்பென்ற சத்தம் வரவில்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல ஒன்று. அதன்பின், அறையின் அந்தக் கோடியிலிருந்து, மெல்லியதாக ஒரு 'சிர்'.

"அது என்னுங்?"

"காகிதம்" என்றாள் மேகலா. அவள் குரலும் தாழ்ந்திருந்தது. "குண்டு அட்டையைக் கிழிக்கற சத்தம்."

நாச்சிமுத்துவுக்குக் கை மயிர் சிலிர்த்தது. எத்தனை ஆயிரம் முறை கிழிந்திருக்கும் அந்தக் காகிதம். வெடிச்சத்தம் ஒரு முறைகூட அதைக் கேட்க விட்டதில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் நின்றார்.

"எண்பத்தாறு" என்று மேகலா எழுதினாள்.

"ஆறாவதுதான் அம்மணி! சாமி, நீ வந்து சுடு."

வர்ணிகா துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். நாச்சிமுத்து எப்போதும் போல அவள் பின்னால் போய் நின்றார். குழல் அசையாமல் நின்றது. விரல் மடங்கியது.

பெருமூச்சு. 'சிர்'.

கண் மூடியிருந்தது. குண்டு பொட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் போயிருந்தது.

நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று. "இன்னும் அடக்கணுமுங்களா? ஏழாவது ஒண்ணு செய்யறேன். ராத்திரிக்குள்ள கடைஞ்சு கொண்டாறேன்."

மேகலா சிறுமியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"சுடறதுக்கு முன்னால உனக்கு என்ன கேட்டுச்சு?"

வர்ணிகா தரையைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. என் கருவிக்கும் எல்லாம் கேக்காது."

"அப்பா மூச்சு நிக்கறது கேட்டுச்சுங்க்கா."

கருவியில் எண் இறங்கியது. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். சட்டென்று மூச்சை விட்டார். எண் ஏறியது.

"தினமுமா?"

"தினமும்தானுங். முந்தி வெடிக்குப் பயப்படறேன்னு நானும் நெனச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் தெரியுது."

மேகலா ஆறாவது அடக்கியைக் கழற்றி மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தாள்.

"உனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

வர்ணிகா ஆறையும் மேசையிலேயே விட்டுவிட்டாள். அப்பாவைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள்.